சுண்டெலிக் குருதியும் எருமையின் நோயும்: தொண்டை அடைப்பான் ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மாடுகளையும் எருமைகளையும் தாக்கும் தொண்டை அடைப்பான் நோய், பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் பாக்டீரியாவால் உண்டாவது. இந்நோயை அறிய ஆய்வகச் சுண்டெலிகளில் தொற்றை ஏற்படுத்தி, அவற்றின் குருதியில் நிகழும் மாற்றங்களை அளக்கும் ஆய்வுகள் ஆசிய நாடுகளில் தொடர்ந்து வெளிவருகின்றன. அவ்வாய்வுகள் எந்த வினாவுக்கு விடை தரவல்லன, எந்த வினாவுக்குத் தரவியலாதன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. குருதியின் அளவு, செவ்வணுவின் ஆயுள், எலும்பு மஜ்ஜையின் இருப்பு, அகநச்சுக்கு உடல் காட்டும் எதிர்வினை ஆகிய நான்கிலும் சுண்டெலியும் மாடும் வேறுபடுகின்றன. ஆகவே சுண்டெலியின் குருதி எண்ணிக்கையை மாட்டின் நோய்நிலையாகப் படித்தல் பொருந்தாது என்பதும், பாக்டீரியாவின் கூறுகளை ஒப்பிடும் கருவியாக அதனைக் கொள்ளுதல் பொருந்தும் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. ஆனைமலை வட்டாரத்தின் கால்நடைச் சூழல் இத்திறனாய்வுக்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொண்டை அடைப்பான், பாஸ்டுரெல்லா மல்டோசிடா, குருதியியல், சுண்டெலி, அகநச்சு, ஆனைமலை

1. முன்னுரை

பொள்ளாச்சியை அடுத்து ஆழியாற்றங்கரையில் அமைந்தது ஆனைமலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமாதலாலும் பாலக்காட்டுக் கணவாய்க்கு அருகில் இருப்பதாலும் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இவ்வூருக்கு உண்டு. தென்னந்தோப்புகளில் கறவை மாடுகள் கட்டப்பட்டிருக்கும். மலையோரத்தில் மேய்ச்சல் மந்தைகள், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காட்டுமாடுகள் நடமாடும் எல்லை வரை செல்லும். செவ்வாயும் வியாழனும் கூடும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மாடுகள் வருகின்றன; அவற்றுள் பெரும்பகுதி கேரளத்துக்குக் கடந்து செல்கிறது. மழை, நெடும்பயணக் களைப்பு, புதிய மந்தைகளின் கலப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இவ்வட்டாரம், தொண்டை அடைப்பான் நோயைப் பற்றிச் சிந்திக்கத் தகுந்த களமாகும்.

இந்நோய் வந்த எருமை, முதல் அறிகுறி தோன்றிய ஒருநாளுக்குள்ளாகவே இறந்துபடுவது இயல்பு. கடுங்காய்ச்சல், வாய்நீர் வடிதல், தொண்டையும் தாடையடியும் வீங்குதல், மூச்சுத் திணறல், இறப்பு என்பதே இதன் வரிசை. இவ்வளவு விரைந்து முடியும் நோயின் உட்போக்கைக் கொட்டிலில் நின்று ஆராய்தல் அரிது. எருமைகளை ஆய்வுக்கெனத் தொற்றுக்கு உள்ளாக்குவதோ பெருஞ்செலவும் அறக்கேள்வியும் உடையது. ஆகவே ஆய்வாளர்கள் சுண்டெலியை நாடினர். இது இயல்பான தெரிவே. எனினும், தெரிவு இயல்பாக இருப்பதனாலேயே அதன்வழிப் பெறப்படும் முடிவு எருமைக்கும் பொருந்திவிடுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

2. நோயும் பெயரும்

தமிழ் வழக்கில் கால்நடை நோய்கள் பெரும்பாலும் புறக்குறிகளால் பெயர் பெற்றுள்ளன. மாட்டு வாகட மரபும் இவ்வழியையே பின்பற்றியது. ‘அடைப்பான்’ என்பது ஆந்த்ராக்ஸ் நோயையும், ‘தொண்டை அடைப்பான்’ என்பது பாஸ்டுரெல்லா நோயையும், ‘சப்பை நோய்’ என்பது தொடைத் தசைகளில் வளிவீக்கம் உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடிய நோயையும் குறிக்கின்றன. முதலிரண்டும் ஒரே சொல்லைத் தாங்கியிருப்பது கவனத்துக்குரியது. இரண்டும் திடீர் இறப்பைத் தருவன. இரண்டும் குருதியில் பாக்டீரியா பெருகுவதால் முடிவன. ஆயினும் இவற்றை வேறுபடுத்துவதில் மனித உயிரும் அடங்கியுள்ளது. அடைப்பானில் இறந்த மாட்டின் உடலை அறுத்தல் கூடாது. காற்றுப்பட்ட பாக்டீரியா வித்துகளாக மாறி மண்ணில் நெடுங்காலம் நிலைக்கும். 2021 ஜூலையில் கோவை வனக்கோட்டத்தின் ஆனைகட்டிப் பகுதியில் இறந்த யானை ஒன்றுக்கு அடைப்பான் இருந்தது உறுதியானபோது, இந்நோய் இம்மாவட்டத்துக்குப் பழங்கதை அன்று என்பது மீண்டும் தெளிவாயிற்று.

இவ்வேறுபாட்டைக் களத்தில் காட்டித் தருவது குருதிப் பூச்சு. காது நரம்பிலிருந்து எடுத்த ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றினால், அடைப்பானில் உறை சூழ்ந்த பெரிய கோலுயிர்கள் தெரியும்; தொண்டை அடைப்பானில் இருமுனையிலும் சாயம் ஏறிய நுண்ணிய உருக்கள் தெரியும். ஆகக் களத்தில் குருதிக்கு உள்ள பணி, அதில் ‘எது உள்ளது’ என்று காட்டுவது. சுண்டெலி ஆய்வுகளில் குருதிக்குத் தரப்பட்ட பணியோ, அதில் ‘எவ்வளவு உள்ளது, எவ்வளவு குறைந்தது’ என்று காட்டுவது. இவ்விரு பணிகளும் வேறுவேறு என்பது பின்வரும் பகுதிகளுக்கு அடிப்படை.

3. சுண்டெலியின் இரு பணிகள்

பாஸ்டுரெல்லா மல்டோசிடாவின் வகைகளை அதன் உறையைக் கொண்டு கார்ட்டர் 1955இல் எழுத்துகளால் பிரித்தார். ஹெடில்ஸ்டன் குழுவினர் 1972இல் உடற்கூறு கொண்டு எண்களால் பிரித்தனர். ஆசிய நாடுகளின் தொண்டை அடைப்பானுக்குக் காரணமானது பி:2 வகை. ஆப்பிரிக்காவில் இ:2 வகை. பி:2 வகை சுண்டெலிக்கு மிகக் கொடியது. வீரியமுள்ள வகையாயின் சில பத்து பாக்டீரியாக்களே ஒரு சுண்டெலியைக் கொல்லப் போதுமானவை.

இக்கொடுமையே சுண்டெலியை நோயறியும் கருவியாக்கியது. இறந்து பல மணிநேரம் கழிந்த மாட்டின் உடலிலிருந்து வரும் மாதிரியில் வேறு பல பாக்டீரியாக்களும் கலந்திருக்கும். அதனாலேயே தொலைவான ஊர்களிலிருந்து நீண்ட எலும்பொன்றை எடுத்து அனுப்பும் வழக்கம் உண்டு. எலும்பினுள் இருக்கும் மஜ்ஜை எளிதில் மாசுபடாது. அம்மஜ்ஜையைக் கரைத்துச் சுண்டெலிக்குச் செலுத்தினால், ஓரிரு நாளில் அது இறக்கும். அதன் இதயக் குருதியில் பாஸ்டுரெல்லா மட்டும் தூய நிலையில் கிடைக்கும். இங்குச் சுண்டெலி ஒரு வடிகட்டி. இராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் போன்ற தடுப்பூசி நிறுவனங்களுக்குச் சுண்டெலி ஓர் அளவுகோலாகவும் அமைந்தது. தடுப்பூசி பெற்ற சுண்டெலிகளும் பெறாதவையும் ஒரே பாக்டீரியாவுக்கு உள்ளாக்கப்பட்டு, பிழைத்தவை கணக்கிடப்படும். இங்கு வேண்டப்படும் விடை, பிழைத்ததா இறந்ததா என்பது மட்டுமே.

இவ்விரு பயன்களிலும் சுண்டெலி எருமையைப் போன்றதாக இருக்கவேண்டிய தேவை இல்லை. வடிகட்டி நீரைப் போன்றதாக இருக்கவேண்டியதில்லை அன்றோ? ஆனால் சுண்டெலியின் குருதியை எண்ணி, அதனை நோயின் போக்காக விளக்கத் தொடங்கும்போது அது கருவி என்னும் நிலையிலிருந்து மாதிரி என்னும் நிலைக்கு மாறுகிறது. மாதிரிக்கு ஒப்புமை இன்றியமையாதது. இந்நிலை மாற்றம் பல ஆய்வேடுகளில் சொல்லப்படாமலே நிகழ்ந்துவிடுகிறது என்பதே இத்துறை மீது வைக்கத்தக்க முதல் குறை.

4. ஆய்வுகளின் போக்கு

இத்துறையில் குறிப்பிடத்தக்கவை, மலேசியப் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் புலத்தார் 2010களில் தொடர்ச்சியாக வெளியிட்ட ஆய்வுகள். முழுப் பாக்டீரியா, அதன் வெளியுறையிலுள்ள லிப்போபாலிசாக்கரைடு என்னும் அகநச்சு முதலியவற்றைத் தனித்தனியே சுண்டெலிகளுக்குச் செலுத்தி, அறிகுறிகளையும் குருதி மாற்றங்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். வெள்ளாடு, செம்மறிகளில் நிணநீர்க் கணுக்களில் சீழ்க்கட்டி உண்டாக்கும் கோரினிபாக்டீரியம் சூடோடியூபர்குலோசிஸ் என்னும் பாக்டீரியாவையும் இவ்வாறே சுண்டெலியில் ஆராய்ந்தனர். இவர்களின் சிறப்பு, சுண்டெலியோடு நின்றுவிடாமல் எருமைக் கன்றுகளிலும் அதே வினாக்களை எழுப்பியமை. சுண்டெலியில் கண்டதை எருமையில் சரிபார்க்கவேண்டும் என்னும் நெறி அதில் அடங்கியுள்ளது.

ஆனால் இவ்வகை ஆய்வுகளைப் பின்பற்றி எழுதப்படும் பிற ஆய்வேடுகளில் அந்த இரண்டாம் படி விடுபட்டுப்போவதைக் காணலாம். செவ்வணு எண்ணிக்கை, ஹீமோகுளோபின், செவ்வணுக் கன அளவு, மொத்த வெள்ளணு, நியூட்ரோஃபில், நிணவணு, குருதித்தட்டு ஆகியன அட்டவணையாக்கப்படுகின்றன. தொற்றுப் பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் உள்ள வேறுபாடு புள்ளியியலால் உறுதிசெய்யப்படுகிறது. பின்னர், முடிவுரையில் ‘எனவே இந்நோய் கால்நடைகளில் குருதிச்சோகையை உண்டாக்குகிறது’ என்பது போன்ற ஒரு தொடர் இடம்பெறுகிறது. அட்டவணைக்கும் அத்தொடருக்கும் இடையே தாண்டப்பட்ட தொலைவை நான்கு நிலைகளில் அளந்து பார்க்கலாம்.

5. நான்கு வேறுபாடுகள்

5.1 ஊசி எடுத்த குருதி

25 கிராம் எடையுள்ள சுண்டெலியின் உடலில் உள்ள மொத்தக் குருதி ஏறத்தாழ 2 மில்லிலிட்டர். ஒரு நேரத்தில் இதில் பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 0.2 மில்லிலிட்டருக்கு மேல் எடுக்கலாகாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஓர் ஆய்வில் ஒரே சுண்டெலியிலிருந்து ஒருநாளில் மும்முறை 0.1 மில்லிலிட்டர் வீதம் எடுக்கப்படுவதாகக் கொள்வோம். எடுத்தது 0.3 மில்லிலிட்டர், மொத்தத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. இழந்த குருதியின் இடத்தைத் திசுநீர் நிரப்பும்போது, ஹீமோகுளோபினும் அந்த அளவில் தாழும். இத்தாழ்வுக்குப் பாக்டீரியா காரணமன்று, ஊசியே காரணம். 400 கிலோ எடையுள்ள எருமைக்கு 25 லிட்டர் அளவிலான குருதி உண்டு. அதில் 5 மில்லிலிட்டர் எடுத்தால் எதுவும் மாறுவதில்லை.

தொற்றில்லாத ஒப்பீட்டுக் குழுவிலிருந்தும் அதே அளவு, அதே நேரத்தில் எடுக்கப்பட்டிருப்பின் இக்குறை பெருமளவு நீங்கும். எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதும் முதன்மையானது. வாலிலிருந்து எடுத்த குருதியில் வெள்ளணு எண்ணிக்கை, இதயத்திலிருந்து எடுத்ததைவிடக் கூடுதலாக இருப்பது அறியப்பட்ட செய்தி. தொடக்கக் குருதியை வாலிலும் இறுதிக் குருதியை இதயத்திலும் எடுத்து ஒப்பிட்டால், ‘வெள்ளணு குறைந்தது’ என்னும் முடிவு எடுத்த இடத்தால் மட்டுமே வந்திருக்கக்கூடும்.

5.2 செவ்வணுவின் ஆயுள்

சுண்டெலியின் செவ்வணு ஏறத்தாழ 40 நாள் வாழ்வது. மாட்டின் செவ்வணுவோ 130 நாளுக்கு மேல் வாழும். இவ்வெண்கள் ஓர் எளிய கணக்கைத் தருகின்றன. தொற்றுற்ற சுண்டெலியின் எலும்பு மஜ்ஜை செவ்வணு உண்டாக்குவதை முற்றிலும் நிறுத்திவிட்டது எனினும், ஒருநாளில் இயல்பாக அழிபவை நாற்பதில் ஒன்று, அதாவது 2.5 விழுக்காடு மட்டுமே. மாட்டில் அது ஒரு விழுக்காட்டையும் எட்டாது. எனவே 24 மணிநேரத்தில் செவ்வணு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக ஓர் ஆய்வு கூறினால், ‘மஜ்ஜை ஒடுக்கப்பட்டது’ என்னும் விளக்கம் கணக்கோடு பொருந்தாது. குருதிக்கசிவு, செவ்வணுச் சிதைவு, திசுநீர் கலந்து நீர்த்தல், மாதிரி எடுத்த இழப்பு ஆகியவற்றுள் ஒன்றையே காரணமாகத் தேடவேண்டும்.

இதற்கு நேர்மாறான மறைப்பும் உண்டு. தொண்டை அடைப்பானில் குருதி நாளங்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களில் தேங்குகிறது. தொண்டை வீக்கம் அதன் விளைவே. நாளத்தினுள் நீர் குறையும்போது செவ்வணுக்கள் செறிவடைந்து, கன அளவு உயர்ந்தது போலத் தோன்றும். உண்மையான இழப்பு இவ்வுயர்வினுள் மறைந்துபோகலாம். குருதிநீரின் மொத்தப் புரதத்தையும் உடன் அளந்தாலன்றி இரண்டையும் பிரித்தறிய இயலாது. செவ்வணுக் கன அளவு மட்டும் தரப்பட்டு, புரதம் தரப்படாத அட்டவணை பாதி அட்டவணையே.

இக்கணக்கு நாட்பட்ட நோய்க்கு வேறு விடை தருவதும் இங்குச் சுட்டத்தக்கது. மேச்சேரி, கோயம்புத்தூர் இனச் செம்மறிகளை வளர்க்கும் கொங்குப் பகுதிக்குப் பொருத்தமான சீழ்க்கட்டி நோய் வாரக்கணக்கில் நீடிப்பது. இரண்டு வாரத்தில் சுண்டெலியின் செவ்வணுக்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கும். அங்கு மஜ்ஜை ஒடுக்கம் என்னும் விளக்கம் கணக்கோடு இசையும். ஒரே அட்டவணை முறையை இருவகை நோய்க்கும் ஒரே விளக்கத்தோடு பயன்படுத்துதல் பொருந்தாது என்பது இதனால் பெறப்படும்.

5.3 வெள்ளணுவின் இருப்பு

சுண்டெலி, மாடு ஆகிய இரண்டின் குருதியிலும் இயல்பாக நிணவணுவே மிகுதி. இவ்வொப்புமையைக் காட்டி, சுண்டெலி மனிதனுக்குப் பொருந்தாவிடினும் மாட்டுக்குப் பொருந்தும் என வாதிடுவோர் உளர். மேலோட்டத்தில் இது வலுவான வாதம். ஆனால் தொற்று நேரும்போது நிகழ்வதைப் பார்க்கவேண்டும். மாட்டின் எலும்பு மஜ்ஜையில் முதிர்ந்த நியூட்ரோஃபில்களின் சேமிப்பு மிகக் குறைவு. கடுந்தொற்றின் முதல் ஓரிரு நாளில் அவை திசுக்களுக்குள் ஈர்க்கப்பட, குருதியில் அவற்றின் எண்ணிக்கை வீழ்கிறது. முதிராத அணுக்கள் வெளிப்படுகின்றன. மூன்று நான்கு நாள் பிழைத்திருந்தால்தான் எண்ணிக்கை மீளும். ஆகவே மாட்டில் தொடக்க வீழ்ச்சி எதிர்பார்க்கத்தக்கதே.

சுண்டெலியின் நிலை வேறு. அதன் மண்ணீரல் வாழ்நாள் முழுவதும் குருதியணுக்களை உண்டாக்கும் திறனுடையது. தேவை எழும்போது அப்பணியை விரைந்து கூட்டும். எனவே சுண்டெலியில் நியூட்ரோஃபில் உயர்ந்ததாயின், அது மாட்டிலும் உயரும் என்பதற்கு அடிப்படை இல்லை. மேலும், கையில் பிடித்தல், கூண்டு மாற்றுதல் போன்ற அச்சங்களால் சுரக்கும் ஹார்மோனே சுண்டெலியின் நிணவணுக்களைக் குறைக்கவல்லது. தொற்றுக்குப் பதில் உப்புநீர் மட்டும் செலுத்தப்பட்ட குழு இல்லாத ஆய்வில், அச்சத்தின் விளைவும் தொற்றின் விளைவும் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கும்.

5.4 அகநச்சும் உடல் வெப்பமும்

நான்கனுள் முதன்மையானது இது. எருமையையும் மாட்டையும் கொல்வது பாக்டீரியாவின் எண்ணிக்கை மட்டுமன்று; அதன் அகநச்சு. பாக்டீரியா இன்றி அகநச்சை மட்டும் குருதியில் செலுத்தி, கன்றுகளிலும் எருமைகளிலும் நோயின் அறிகுறிகள் பலவற்றைத் தோற்றுவித்த சோதனைகள் உள்ளன. மாட்டினம் அகநச்சுக்கு எளிதில் ஆட்படுவது. சுண்டெலியோ அகநச்சைப் பெருமளவு தாங்கவல்லது. ஆனால் பி:2 பாக்டீரியா உயிரோடு சில பத்து நுழைந்தாலே இறந்துபடுவது. ஒன்று நச்சுக்கு எளியது, மற்றொன்று பெருக்கத்துக்கு எளியது. இரண்டும் இறப்பில் ஒன்றுபடினும், இறப்புக்கு முன் குருதியில் நிகழ்வன ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

உடல் வெப்பமும் இதையே காட்டுகிறது. நோயுற்ற எருமைக்கு 40 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் ஏறும். குருதித்தொற்று முற்றிய சுண்டெலியின் உடலோ குளிர்ந்துவிடும். ஒரே நோய்க்கு ஓர் உடல் கொதிக்க, மற்றோர் உடல் குளிர்கிறது எனின், அவற்றின் குருதி அட்டவணைகளை மட்டும் ஒத்தனவாகக் கொள்வது எங்ஙனம்?

6. எண்ணப்பட்டவையும் எண்ணப்படாதவையும்

தொற்றுற்ற சுண்டெலிகள் சில 12 மணிநேரத்தில் இறக்கும். சில 24 மணிநேரம் தாண்டும். 24ஆம் மணியில் குருதி எடுக்கும் ஆய்வில் எண்ணப்படுபவை பிழைத்தவை மட்டுமே. மிகக் கடுமையாக நோயுற்றவை அட்டவணையில் இல்லை. எனவே ‘24 மணியில் மாற்றம் மிதமாகவே இருந்தது’ என்னும் முடிவு, நோயின் மிதத்தையன்றி எஞ்சியவற்றின் மிதத்தைக் காட்டலாம். எத்தனை சுண்டெலிகள் தொடங்கின, ஒவ்வொரு நேரத்திலும் எத்தனை எஞ்சின என்பதை வெளியிடாத அட்டவணையைக் கொண்டு எம்முடிவுக்கும் வர இயலாது. ஒரே கூண்டில் வாழும் சுண்டெலிகளைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணும் வழக்கமும் இத்தகைய மயக்கத்தை வளர்க்கிறது.

நோயின் ஆங்கிலப் பெயரும் அதன் பாடநூல் மொழிபெயர்ப்பும் ‘குருதிக்கசிவு’ என்பதை முன்னிறுத்துகின்றன. அவ்வாறாயின் முதலில் அளக்கவேண்டியவை குருதித்தட்டுகளும், உறைதல் நேரமும், ஃபைப்ரினோஜென் புரதமும் ஆகும். பல ஆய்வுகள் இவற்றை விடுத்து மொத்த எண்ணிக்கைகளோடு நிற்கின்றன. காரணம் எளிது: உறைதல் சோதனைக்கு வேண்டிய குருதி சிறிய சுண்டெலியிடம் இறுதி மாதிரியாக மட்டுமே கிடைக்கும். எளிதில் அளக்கக்கூடியது, அளக்கவேண்டியதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

7. ஆய்வகத்துள் வாராத நோய்க்கூறுகள்

நோயிலிருந்து பிழைத்த எருமை பல வாரம் பாக்டீரியாவைத் தன் தொண்டைச் சதைமுடிச்சுகளுள் தாங்கித் திரியும். இலங்கையில் டி அல்விஸ் முதலியோரின் பணி இக்காவி நிலையை விளக்கியது. மழைக்காலத்தில், தீவனக் குறைவால் மெலிந்த நேரத்தில், உழைப்பும் பயணமும் மிகுந்த வேளையில் அப்பாக்டீரியா மீண்டும் பெருகிப் பிற விலங்குகளுக்குப் பரவும். பொள்ளாச்சிச் சந்தைக்கு நெடுந்தொலைவு நின்றபடியே வந்து, மழையில் நனைந்து, புதிய கொட்டிலில் கட்டப்படும் மாட்டின் நிலை இதற்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு.

சூழலின் பங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. 2015 மே மாதம் கசக்ஸ்தானப் புல்வெளியில் மூன்று வாரத்துக்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சைகா மான்கள் இறந்தன. காரணம் பாஸ்டுரெல்லா மல்டோசிடா பி வகை. அப்பாக்டீரியா முன்பே அவற்றின் உடலில் வாழ்ந்திருந்தது. வழக்கத்துக்கு மாறான வெப்பமும் ஈரமும் அதனைக் கொலைகாரனாக்கின என ஆய்வாளர் கண்டனர். 2021இல் ஒடிசாவின் கர்லாபட் சரணாலயத்தில் யானைகள் சில இதே நோயால் இறந்தன. கால்நடையும் காட்டுவிலங்கும் ஒரே நீர்நிலையைப் பகிரும் ஆனைமலை எல்லைக்கு இவை தொலைதூரச் செய்திகள் அல்ல.

நிலைத்த வெப்பத்தில், நிறைந்த தீவனத்தோடு, ஊசிவழித் தொற்றுப் பெறும் சுண்டெலியில் இக்கூறுகளுள் எதுவும் இல்லை. காவி நிலை இல்லை, மழை இல்லை, பயணம் இல்லை. நோய் ‘எப்போது எழுகிறது’ என்னும் வினாவுக்குச் சுண்டெலிக் குருதியிடம் விடை இல்லை.

8. சுண்டெலிக் குருதி சொல்லவல்லது

இத்தனை கூறியதால் இவ்வாய்வுகள் பயனற்றன எனக் கொள்ளலாகாது. ஒரே இனச் சுண்டெலிகள், ஒரே வயது, ஒரே உணவு என்னும் ஒருமைப்பாடு, எருமைகளில் எவ்வகையிலும் அமையாதது. அவ்வொருமைப்பாட்டின் மீது நின்று, பாக்டீரியாவின் எந்தக் கூறு எந்த மாற்றத்தைத் தருகிறது எனப் பிரித்தறியலாம். முழுப் பாக்டீரியாவுக்கும் அகநச்சுக்கும் உள்ள வேறுபாட்டைப் புத்ரா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தது இவ்வகையிற் சிறந்தது. ஒரு வகையின் வீரியத்தை மற்றொன்றோடு ஒப்பிடலாம். உறையற்ற திரிந்த வகையின் விளைவை அறியலாம். இவற்றிலெல்லாம் ஒப்பிடப்படுவன பாக்டீரியாக்கள். சுண்டெலி மாறாத தட்டாக நிற்கிறது.

மற்றொரு பயன் அறம் சார்ந்தது. ரசலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்த பதிலீடு, குறைப்பு, துன்பத் தணிப்பு என்னும் மூன்று நெறிகள் இன்று விலங்காய்வின் அடிப்படை. இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்தின் கீழ் அமைந்த குழு விலங்காய்வுகளைக் கண்காணிக்கிறது. தடுப்பூசிச் சோதனைகளில் சுண்டெலி இறக்கும்வரை காத்திருப்பதற்கு மாறாக, உடல் குளிர்தல், குருதித்தட்டு வீழ்தல் போன்ற முன்குறிகளைக் கொண்டு சோதனையை முன்னரே முடிக்க இயலுமாயின், குருதியியல் உண்மையான பணியொன்றை ஆற்றியதாகும். வினா தெளிவின்றி எண்ணப்படும் அட்டவணைக்கோ செலவாகும் சுண்டெலிகள் வீணே செலவானவை.

9. தமிழில் எழுதுவோருக்கு

இவ்வாய்வுகளின் முடிவுகள் பாடநூலாகவும் வேளாண் கையேடாகவும் தமிழுக்கு வரும்போது, ‘சுண்டெலியில்’ என்னும் சொல் முதலில் உதிர்ந்துபோகிறது. ‘தொற்றுற்ற சுண்டெலிகளில் நியூட்ரோஃபில் உயர்ந்தது’ என்பது ‘இந்நோயில் வெள்ளணு உயரும்’ எனச் சுருங்குகிறது. அதனைப் படித்த மாணவர், கடுந்தொற்றின் முதல் நாளில் வெள்ளணு வீழ்ந்து காணப்படும் எருமையைத் தொண்டை அடைப்பான் அன்று எனத் தள்ளக்கூடும். சில மணிநேரமே எஞ்சிய விலங்குக்கு அத்தவறு உயிரிழப்பு.

எனவே ஆய்வேட்டை நெறிப்படுத்தும் பேராசிரியர் கேட்கத்தக்க வினாக்கள் சில உள. எவ்வினாவுக்காகக் குருதி எண்ணப்பட்டது? ஒப்பீட்டுக் குழுவிலும் அதே அளவு குருதி எடுக்கப்பட்டதா? எவ்விடத்திலிருந்து, எம்மணியில்? தொடங்கியவை எத்தனை, எஞ்சியவை எத்தனை? புரதமும் குருதித்தட்டும் அளக்கப்பட்டனவா? கூறப்படும் காரணம் செவ்வணுவின் ஆயுட்கணக்கோடு இசைகிறதா? முடிவுரையின் ஒவ்வொரு தொடரிலும் விலங்கின் பெயர் உள்ளதா? இறுதி வினா இலக்கணம் சார்ந்தது போலத் தோன்றினும், அறிவியல் சார்ந்தது. எழுவாய் மறைந்த தொடரில் சுண்டெலி எருமையாகிவிடுகிறது.

10. முடிவுரை

தொண்டை அடைப்பானுக்குரிய காப்பு, மழைக்கு முன் இடப்படும் தடுப்பூசி. இறந்த மாட்டை அறுக்குமுன் எடுக்கப்படும் குருதிப் பூச்சு. புதிதாக வாங்கிய மாட்டைச் சில நாள் தனித்துக் கட்டுதல். இவற்றுள் எதுவும் சுண்டெலியின் குருதி அட்டவணையிலிருந்து பிறந்ததன்று. அவ்வட்டவணை நாளைய நல்ல தடுப்பூசிக்கு வழிகாட்டலாம். இன்றைய எருமையின் நிலையை உரைக்காது. இவ்விரண்டையும் பிரித்தறிதலே இத்துறை ஆய்வுகளை மதிப்பிடும் அளவுகோல். உடுமலைப்பேட்டைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இவ்வட்டாரத்துக்கு அணித்தே உள்ளது. நோய் எழுந்த கொட்டில்களில் எருமையின் குருதியை மணிக்கணக்கில் முறையாக எடுத்து வெளியிடும் களஆய்வு அங்கிருந்து தோன்றுமாயின், சுண்டெலி அட்டவணைகளை எந்த அளவு நம்பலாம் என்பதும் அன்றே தெளிவாகும்.